செய்த வேலையைத் திரும்பிப் பார்ப்பது எப்படி? நகரமைப்புத் துறைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நகரமைப்பு வேலையில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. நாம் எடுத்த முடிவு சரியா தவறா என்று தெரிவதற்குள் வருடங்கள் ஓடிவிடும். மருத்துவரிடம் நோயாளி அடுத்த வாரமே வந்து, மருந்து கேட்டதா கேட்கவில்லையா என்று சொல்லிவிடுவார். நம்மிடம் அப்படி யாரும் வந்து சொல்வதில்லை. ஒரு மனைப்பிரிவுக்கு இன்று ஒப்புதல் கொடுத்தால், அங்கே வீடுகள் எழும்பி, ஆட்கள் குடியேறி, மழைத்தண்ணீர் எங்கே தேங்குகிறது, பிள்ளைகள் எந்த வழியாகப் பள்ளிக்கு நடக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிய ஏழெட்டு வருடம்கூட ஆகலாம். அதற்குள் நீங்கள் வேறு பிரிவுக்கோ வேறு ஊருக்கோ மாறிப் போயிருப்பீர்கள். தண்ணீர் நிற்கிறது என்ற புகார் வேறொருவர் மேசைக்குப் போகும். நீங்களோ அதே அனுமானத்தை வைத்து அடுத்த மனைப்பிரிவுக்குக் கோப்பு எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

அதனால்தான், இந்தத் துறையில் வருடக் கணக்கில் வேலை பார்த்தாலே பக்குவம் தானாக வந்துவிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது என்கிறேன். விளைவு நம்மைத் தேடி வராது. நாம்தான் அதைத் தேடிப் போக வேண்டும். என்ன நடக்கும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி எதனால் வந்தது என்ற மூன்று கேள்விகளை விடாமல் கேட்டுக்கொள்ளும் பழக்கத்தைத்தான் இங்கே திரும்பிப் பார்த்தல் என்று சொல்கிறேன்.

இந்தப் பழக்கத்தைத் தொழில் வாழ்க்கையின் மையத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் டொனால்ட் ஷோன். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் நகரத் திட்டமிடல் துறையில் பேராசிரியராக இருந்தவர். கட்டடக் கலைஞர், உளச்சிகிச்சையாளர், பொறியாளர், நகரமைப்பாளர், மேலாளர் என்று பல தொழில்காரர்கள் நிஜத்தில் எப்படி வேலை செய்கிறார்கள் என்று கூர்ந்து பார்த்து 1983-ல் ஒரு நூல் எழுதினார். படித்த சூத்திரத்தை எடுத்து அப்படியே பொருத்திவிட முடியாதபடி நிலைமை குழம்பிக் கிடக்கும்போது, தேர்ந்தவர்கள் செய்துகொண்டே யோசிக்கிறார்கள், முடிந்தபின் மறுபடியும் யோசிக்கிறார்கள் என்று அதில் காட்டினார். செய்துகொண்டே யோசிப்பது கைவர நாளாகும். புதியவர்கள் முடிந்தபின் யோசிப்பதில் தொடங்கலாம். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

முதல் படி: முடிவெடுக்கும் முன்பே எழுதி வையுங்கள்

விளைவு தெரிந்தபின் யோசித்தால், "இது இப்படித்தான் முடியும்னு எனக்கு அப்பவே தெரியும்" என்று மனம் நம்பத் தொடங்கிவிடும். உளவியலாளர் பாரூக் ஃபிஷ்ஹாஃப் 1975-ல் இதைச் சோதனை செய்து காட்டினார். ஒரு நிகழ்வு எப்படி முடிந்தது என்று சொல்லப்பட்டவர்கள், அந்த முடிவு முன்பே எளிதில் ஊகிக்கக்கூடியதாக இருந்தது என்று மதிப்பிட்டார்கள். முடிவு தெரிந்ததால்தான் அப்படித் தோன்றுகிறது என்பதே அவர்களுக்குப் படவில்லை. யாரும் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை, உண்மையிலேயே அப்படித்தான் தோன்றும். ஆகவே நினைவை நம்பித் திரும்பிப் பார்த்தால் கற்றுக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. முன்கூட்டி எழுதி வைத்த ஒரு பத்தி இருந்தால்தான் நம்மை நாமே மடக்க முடியும்.

பெரிய அறிக்கையெல்லாம் வேண்டாம். ஒரு சாலையை ஒருவழிப் பாதையாக்கப் பரிந்துரைக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் குறிப்பு இப்படி இருக்கலாம்:

"மாலையில் சந்திப்பில் வண்டிகள் தேங்குவது குறையும் என்று எதிர்பார்க்கிறேன். எதிரே வரும் வண்டிகளுக்குக் காத்திருந்து திரும்புபவைதான் தேக்கத்துக்குக் காரணம் என்று எண்ணிக்கை காட்டுகிறது. நம்பிக்கை பத்துக்கு ஏழு. எனக்குத் தெரியாதது: திருப்பி விடப்படும் வண்டிகள் எந்தக் குறுக்குத் தெருவைப் பிடிக்கும் என்பது. ஆறு மாதம் கழித்து மாலை 5 முதல் 7 மணி வரை சந்திப்பைக் கடக்கும் நேரம் குறையாமல் இருந்தாலோ, பள்ளிக்கூடத் தெருவில் வண்டிகள் கூடியிருந்தாலோ, நான் நினைத்தது தவறு."

இதில் எழுதக் கடினமானது கடைசி வரி. முக்கியமானதும் அதுதான். "போக்குவரத்து சீராகும்", "பகுதி மேம்படும்" போன்ற வாக்கியங்களைக் கோப்பில் நிறையப் பார்ப்பீர்கள். அவை ஒருநாளும் தவறாகப் போக முடியாத வாக்கியங்கள். தவறாகப் போக முடியாத வாக்கியத்திலிருந்து எதையும் கற்றுக்கொள்ளவும் முடியாது. எந்த நாளில், எந்த இடத்தில், எதைப் பார்த்தால் நான் நினைத்தது தப்பு என்று ஒப்புக்கொள்வேன் என்பதை எழுதுங்கள். எழுதியவுடன் அந்தத் தேதியைக் கைபேசி நாட்காட்டியில் போட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அது ஞாபகம் வரும் என்று நினைக்காதீர்கள், வராது.

எல்லாக் கோப்புக்கும் இப்படி எழுத வேண்டியதில்லை. விதியில் இருப்பதை அப்படியே பின்பற்றும் அனுமதிகளை விட்டுவிடலாம். இப்படியும் செய்யலாம் அப்படியும் செய்யலாம் என்ற இடத்தில் நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்தீர்கள் அல்லவா, அந்தக் கோப்புகளுக்கு மட்டும் எழுதுங்கள்.

இரண்டாவது படி: பார்த்தது வேறு, நினைத்தது வேறு

கருத்துக் கேட்புக் கூட்டம், கள ஆய்வு, கட்டுநருடனான பேச்சுவார்த்தை என்று எது முடிந்தாலும் அன்றைக்கே ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்து எழுதுங்கள். மறுநாள் ஆனால் பாதி போய்விடும், மீதிக்கு நாமே கதை கட்டிவிடுவோம்.

புதியவர்கள் எழுதும் குறிப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: "மக்கள் திட்டத்தைப் புரிந்துகொள்ளவில்லை. ஒரே கூச்சல். கூட்டம் பயனில்லாமல் முடிந்தது." மூன்று வாக்கியமும் தீர்ப்பு. நடந்தது ஒன்றுகூட இல்லை. அதே கூட்டத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

"வரைபடம் மேடைக்குப் பின்சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. மூன்றாவது வரிசைக்குப் பின்னால் இருந்தவர்களால் தெருப் பெயரைப் படித்திருக்க முடியாது. நான் நிலப் பயன்பாட்டு மண்டலங்களை விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் எழுந்து 'இதுல எங்க வீடு எங்க இருக்கு?' என்று கேட்டார். 'கூட்டம் முடிஞ்சதும் தனியா காட்டுறேன் அம்மா' என்றேன். அதற்குப் பிறகுதான் சத்தம் கூடியது. அந்த நேரத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது, சீக்கிரம் முடிக்கப் பார்த்தேன்."

இரண்டாவது குறிப்பில் அடுத்த கூட்டத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தானாகத் தெரிகிறது. வரைபடத்தைக் கூடத்துக்கு நடுவில், ஆட்கள் சுற்றி நிற்கும்படி வைக்க வேண்டும். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டை முதலில் கண்டுபிடிக்க நேரம் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்க வேண்டும்.

கடைசியில் வரும் எரிச்சலைப் பற்றிய வரியைக் கவனியுங்கள். உணர்ச்சியை எழுதுவது பலருக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் நாம் எப்போது பேச்சை வெட்டினோம், எப்போது காதை மூடிக்கொண்டோம் என்பதற்கு அதுவே அடையாளம். அனுபவத்தைத் திரும்பிப் பார்ப்பதற்காகக் கிரஹாம் கிப்ஸ் 1988-ல் வகுத்த புகழ்பெற்ற ஆறு கட்டச் சுழற்சியில் நிகழ்ந்ததை விவரிப்பதற்கு அடுத்த கட்டமே உணர்ச்சிதான். மதிப்பிடுவது, அலசுவது, முடிவுக்கு வருவது, அடுத்துச் செய்வதைத் திட்டமிடுவது எல்லாம் அதற்குப் பிறகே வருகின்றன. ஒரு வரி போதும். ஒரு பக்கம் எழுதினால் அது வேறு வேலை.

கூட்டம் நடக்கும்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஏதாவது உங்களைத் திடுக்கிட வைத்தால், நோட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் குறி போட்டுவிடுங்கள். நாம் எதிர்பார்த்ததற்கு மாறாக ஏதோ நடக்கும்போதுதான் திடுக்கிடுகிறோம். மாலையில் எழுதும்போது அந்தக் குறிகளிலிருந்து தொடங்கினால் வேலை சுலபம். செய்துகொண்டே யோசிக்கும் பழக்கமும் இப்படித்தான் மெல்ல வரும்.

கருத்துக் கேட்பு பற்றி இன்னொரு சோதனை. இறுதி வரைவு தயாரானதும் எடுத்துப் பாருங்கள்: கூட்டத்தில் சொன்னதால் இதில் எந்த வரி மாறியது? ஒன்றும் மாறவில்லை என்றால் காரணத்தைக் குறித்து வையுங்கள். ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-ல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் அதில் நடுப்படிகள்தான். கேட்ட கருத்து முடிவைத் தொடும் என்பதற்கு அங்கே எந்த உத்தரவாதமும் இல்லை. உங்கள் கூட்டம் எந்தப் படியில் நின்றது என்று நேர்மையாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது படி: வாயில் வராததை எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பயிற்சியைத்தான் செய்வேன் என்று யாராவது சொன்னால், இதைச் செய்யச் சொல்வேன். நிறுவனங்களில் ஆட்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்த கிறிஸ் ஆர்கிரிஸ் பயன்படுத்திய முறை. தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். வலப்பக்கம் உண்மையில் பேசியது. இடப்பக்கம் அந்தந்த நேரத்தில் நீங்கள் நினைத்து, சொல்லாமல் விட்டது.

ஒரு குடியிருப்புத் திட்டத்தில் திறந்தவெளி ஒதுக்கீடு பற்றிக் கட்டுநருடன் நடந்த பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் இப்படி:

"திறந்தவெளியை ரெண்டு துண்டா பிரிச்சுக் கொடுத்தா பரவாயில்லையா சார்?"

"பரப்பளவு குறையாத வரைக்கும் பார்க்கலாம்."

"ஒரு சதுர அடிகூடக் குறையாது சார்."

"சரி, வரைபடத்தைத் திருத்திக் கொண்டு வாங்க."

இடப்பக்கம்: "இரண்டாவது துண்டு மூலையில் கிடக்கும் கோணல் இடம். விற்க முடியாததை நம் தலையில் கட்டுகிறார். கேட்டால் கோபப்படுவார், நேரே மேலதிகாரியிடம் போவார். அங்கே பிள்ளைகள் விளையாட முடியாது. இந்தப் பேச்சு எப்படியாவது முடிந்தால் சரி."

இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படித்தால் மூன்று விஷயம் வெளியே வரும். விற்க முடியாத இடத்தைத் தள்ளிவிடுகிறார் என்பது ஊகம். அது உண்மையாக இருக்கலாம்; அந்த இடத்தில் வடிகால் குழாய் போவதும் காரணமாக இருக்கலாம். கேட்டுப் பார்க்கவே இல்லை. அடுத்து, மேலதிகாரியிடம் போவார் என்ற பயம் பேச்சை நடத்தியிருக்கிறது. மூன்றாவதுதான் கனமானது. இந்தக் குறிப்பை எழுதிய இளைஞரிடம் "உன் வேலையில் எது முக்கியம்?" என்று கேட்டால், மக்களுக்குப் பயன்படும் பொது இடம் என்றுதான் சொல்வார், மனதாரச் சொல்வார். ஆனால் அன்றைக்கு அவரை இயக்கியது சண்டை வரக்கூடாது என்ற எண்ணம். ஆர்கிரிஸும் ஷோனும் சேர்ந்து 1974-ல் எழுதியது இதைத்தான்: நம்மை வழிநடத்துவதாக நாம் சொல்லும் கொள்கை ஒன்று, நம் செயலைப் பார்த்தால் தெரியவரும் கொள்கை இன்னொன்று. இரண்டும் வேறாக இருப்பது பெரும்பாலும் நமக்கே தெரியாது.

எழுதி முடித்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இடப்பக்கத்தில் இருந்து ஒரு வரியை எடுத்து, எதிரில் இருப்பவரிடம் மரியாதையாகச் சொல்லக்கூடிய வாக்கியமாக மாற்றுங்கள். "இந்த மூலைத் துண்டை எதுக்காகத் தேர்ந்தெடுத்தீங்க? இதுல பிள்ளைங்க விளையாட முடியுமான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. நீங்க எப்படி நினைச்சீங்கன்னு சொல்லுங்க." இவ்வளவுதான். குற்றம் சாட்டவில்லை, ஒளிக்கவும் இல்லை. வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள், அடுத்த பேச்சில் நாக்கு தானாகப் புரளும்.

ஷோனின் நூலில் வரும் நகரமைப்பாளரும் கிட்டத்தட்ட இதே நிலையில் இருந்தவர்தான். கட்டுநர் தரப்புடன் சாமர்த்தியமாகப் பேசுகிறார், எதை எப்போது சொல்வது என்று நன்றாக யோசிக்கிறார். ஆனால் தன் ஊகங்களை வெளியே வைத்துச் சரிபார்ப்பதே இல்லை. உத்தியைப் பற்றி ஓயாமல் யோசித்தாலும், தன் பங்கைத் தான் எப்படி வகுத்துக்கொண்டோம் என்பதை யோசிக்கவில்லை என்று ஷோன் காட்டுகிறார். சாமர்த்தியம் உள்ளவர்களுக்குத்தான் இந்தப் பயிற்சி அதிகம் தேவை என்பது என் கருத்து.

நான்காவது படி: கோப்பின் தலைப்பில் உள்ள கேள்வியைச் சந்தேகப்படுங்கள்

கோப்பு உங்களிடம் வரும்போதே கேள்வி முடிவாகித்தான் வரும். "இந்தப் பகுதிக்கு எத்தனை வாகன நிறுத்தம் வேண்டும்?" என்று வரும். இத்தனை பேர் ஏன் வண்டியில் வர வேண்டியிருக்கிறது என்று அதில் கேட்டிருக்காது. திட்டமிடல் அறிஞர்களான ஹோர்ஸ்ட் ரிட்டலும் மெல்வின் வெப்பரும் 1973-ல் சொன்னபடி, திட்டமிடலில் சிக்கலை எப்படி வரையறுக்கிறோமோ, அதிலேயே தீர்வின் திசை அடங்கிவிடுகிறது.

இதை நிஜத்தில் செய்து காட்டியவர் நார்மன் க்ரம்ஹோல்ஸ். 1969 முதல் 1979 வரை அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரத்தில் திட்டமிடல் இயக்குநராக இருந்தவர். தெரிவுகள் குறைவாக உள்ளவர்களுக்கு அதிகத் தெரிவுகளை உண்டாக்குவதே தங்கள் வேலை என்று அவர் துறை 1975-ல் எழுத்தில் அறிவித்தது. வட்டாரப் போக்குவரத்து அமைப்பை உருவாக்கும் பேச்சு வந்தபோது ரயில் தடத்தை நீட்டுவதில் பலர் ஆர்வம் காட்டினார்கள். க்ரம்ஹோல்ஸின் ஆட்கள், கார் இல்லாத குடும்பங்கள் என்ன செய்யும் என்று கேட்டார்கள். கட்டணக் குறைப்பு, குடியிருப்புப் பகுதிகளுக்கு நல்ல பேருந்துச் சேவை, கூப்பிட்டால் வரும் வண்டி என்று பேச்சு வேறு பக்கம் திரும்பியது. பின்னாளில் அந்தப் பத்து வருட அனுபவத்தை நகரமைப்பு ஆய்வாளர் ஜான் ஃபாரெஸ்டருடன் சேர்ந்து அலசி ஒரு நூலாகவும் எழுதினார்.

நீங்கள் இயக்குநர் இல்லை, இன்றைக்குக் கேள்வியை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இருக்காது. பரவாயில்லை. கோப்பில் உள்ள கேள்வியை நோட்டில் எழுதி, அதற்குக் கீழே அதே சிக்கலை வேறு மூன்று பேர் எப்படிக் கேட்பார்கள் என்று எழுதுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர், இரவு வேலை முடிந்து நடந்து போகும் பெண், அங்கே வாடகைக்கு இருப்பவர். மூன்றில் ஒன்றாவது உங்கள் குறிப்புரையில் ஒரு வரியாக நுழைய இடம் இருக்கும்.

ஐந்தாவது படி: களத்துக்குத் திரும்பிப் போங்கள்

நாட்காட்டியில் போட்ட தேதி வந்துவிட்டது. இப்போது போக வேண்டும். இந்தப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முடிந்த திட்டத்தைப் பார்க்கச் சொல்லி அலுவலகத்தில் யாரும் உங்களைக் கேட்கப் போவதில்லை. ஆனாலும் போங்கள்.

நியூயார்க்கில் 1961-ல் வந்த மண்டல விதி (எந்த இடத்தில் என்ன, எவ்வளவு கட்டலாம் என்று சொல்லும் விதி), கட்டடத்துக்கு முன்னால் பொதுச் சதுக்கம் விட்டால் கூடுதல் தளப்பரப்பு கட்டிக்கொள்ளலாம் என்று சலுகை கொடுத்தது. சதுக்கங்கள் நிறைய வந்தன. அவற்றில் பல வெறிச்சோடிக் கிடந்தன. 1970-களின் தொடக்கத்தில் நகர வாழ்க்கையைக் கூர்ந்து பார்த்து எழுதிய வில்லியம் வைட்டும் அவர் குழுவினரும் கேமராவும் நோட்டுமாக அங்கே போய் உட்கார்ந்து, யார் எங்கே உட்காருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று பொறுமையாகப் பதிவு செய்தார்கள். வெயிலோ சதுக்கத்தின் வடிவமோ அளவோ மட்டும் இதை விளக்கவில்லை. உட்கார இடம் இருந்த இடத்தில் மக்கள் உட்கார்ந்தார்கள். கேட்டால் இது யாருக்கும் தெரிந்த விஷயம் போல இருக்கும். ஆனால் விதி எழுதியபோது அது விதியில் இல்லை. 1975-ல் விதி திருத்தப்பட்டு, சதுக்கத்தில் குறைந்தபட்சம் இவ்வளவு இருக்கை வேண்டும் என்பது கட்டாயமானது. களத்தில் பார்த்தது விதியை மாற்றியது.

போகும்போது சில விஷயங்களைக் கடைப்பிடியுங்கள். அலுவலக வண்டியில், கோப்போடு, நாலு பேராகப் போனால் எல்லோரும் உஷாராகிவிடுவார்கள், நீங்கள் பார்ப்பது உண்மை நிலையாக இருக்காது. தனியாக, முடிந்தால் நடந்தோ பேருந்திலோ போங்கள். காலை, நண்பகல், இருட்டிய பின் என்று வேறு வேறு நேரத்தில் பாருங்கள். ஓர் இடத்தில் ஒரு மணி நேரமாவது அசையாமல் இருங்கள். முதல் பத்து நிமிடத்தில் தெரிவது நாம் ஏற்கனவே நினைத்து வந்ததுதான்.

மக்கள் விட்ட தடயங்களைத் தேடுங்கள். புல்தரையின் குறுக்கே தேய்ந்து விழுந்த ஒற்றையடிப் பாதை, நீங்கள் போட்ட நடைபாதை எங்கே போயிருக்க வேண்டும் என்று சொல்கிறது. தடுப்புக் கம்பியில் ஒரு கம்பி மட்டும் வளைந்திருந்தால் அங்கே ஆட்கள் நுழைந்து போகிறார்கள். வீட்டு வாசலில் யாரோ செங்கல் அடுக்கிப் படி போட்டிருந்தால், சாலை மட்டம் உயர்ந்துவிட்டது, தண்ணீர் உள்ளே வருகிறது என்று அர்த்தம்.

அங்கே இருப்பவர்களிடம் "இந்தத் திட்டம் எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு நல்லாயிருக்கு என்பார்கள், அல்லது எல்லாவற்றையும் திட்டுவார்கள். "நேத்து சாயங்காலம் இந்தப் பக்கம் எப்படிப் போனீங்க?" என்று கேளுங்கள். நேற்றைய ஒரு நடையைப் பற்றிச் சொல்லும்போது, எந்த இடத்தில் சாலையைக் கடக்கப் பயந்தார்கள், எங்கே சுற்றிப் போனார்கள் என்பது தன்னால் வரும். தெருவைப் பெருக்குபவர், வாயில் காவலர், பேருந்து ஓட்டுநர் ஆகிய மூவரையும் விட்டுவிடாதீர்கள். நாள் முழுக்க அந்த இடத்தைப் பார்ப்பவர்கள் அவர்கள்.

ஆறாவது படி: ஒரே காரணத்தோடு நிறுத்திவிடாதீர்கள்

எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று தெரிந்ததும் கையில் கிடைக்கும் முதல் காரணத்தைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1950-களின் நடுவில் எழுந்த ப்ரூயிட்-ஐகோ குடியிருப்பின் கதை இதற்கு நல்ல பாடம். 11 மாடிகள் கொண்ட 33 கட்டடங்கள். 1972-ல் இடிக்கத் தொடங்கி, 1976-க்குள் முற்றிலும் அகற்றப்பட்டது. நவீனக் கட்டடக்கலையின் தோல்வி என்று நீண்ட காலம் எழுதினார்கள். வடிவமைப்பில் குறை இருந்தது உண்மை. மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்காமல் சில மாடிகளில் மட்டுமே நின்றது. ஆனால் பராமரிப்புச் செலவு குடியிருப்பவர்கள் கொடுத்த வாடகையிலிருந்தே வர வேண்டும் என்றிருந்தது. நகரமோ சுருங்கிக்கொண்டிருந்தது: 1950-ல் சுமார் 8.57 லட்சமாக இருந்த செயின்ட் லூயிஸின் மக்கள்தொகை 1970-ல் 6.22 லட்சமாகிவிட்டது. வசதி உள்ளவர்கள் புறநகருக்குப் போக, வீடுகள் காலியாக, வாடகை குறைய, பராமரிப்பு நின்றது. நிறப் பாகுபாடும் இதோடு பின்னிக் கிடந்தது. கட்டடத்தை மட்டும் குறை சொன்னவர்கள் அடுத்த குடியிருப்பில் மாடியைக் குறைத்துவிட்டு, வாடகையை நம்பிய அதே பராமரிப்பு ஏற்பாட்டைத் தொடர்ந்திருப்பார்கள்.

ஆகவே குறைந்தது நான்கு பக்கத்திலிருந்து காரணம் தேடுங்கள்: வடிவமைப்பு, பணம், விதி, ஆட்களின் நடமாட்டம். பிறகு ஒவ்வொரு காரணத்துக்கும் நேரே, இது என் கையில் இருந்ததா, என்னால் சொல்லிப் பார்க்க முடிந்ததா, இரண்டும் இல்லையா என்று குறியுங்கள். புதியவர்களில் சிலர் எல்லாப் பழியையும் தங்கள் மேல் போட்டுக்கொண்டு உறக்கம் இழப்பார்கள். சிலர் எல்லாவற்றையும் அரசியல்வாதி மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். இரண்டு பேருமே கற்றுக்கொள்வதில்லை. "சொல்லிப் பார்த்திருக்கலாம்" என்ற நடு வகையில்தான் அடுத்த முறைக்கான வேலை இருக்கிறது.

ஏழாவது படி: சேர்ந்து உட்காருங்கள்

தனியாக யோசிப்பதற்கு ஓர் எல்லை உண்டு. நம் கண்ணுக்குப் படாததை நாமே பார்க்க முடியாது. மூன்று நான்கு பேர், முடிந்தால் வேறு வேறு பிரிவைச் சேர்ந்தவர்கள், மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் உட்காரலாம். ஒருவர் ஒரே ஒரு நிகழ்வைக் கொண்டு வருவார். பத்து நிமிடம் அவர் சொல்ல, மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். அடுத்த இருபது நிமிடம் கேள்வி மட்டும். "நீ இப்படிப் பண்ணியிருக்கணும்" என்ற பேச்சே கூடாது. யோசனை சொல்வது கடைசிக் கால் மணியில், அதுவும் அவர் கேட்டால்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் பல வருடம் நகரமைப்பாளர்களின் பணிக்கதைகளைச் சேகரித்தவர் ஜான் ஃபாரெஸ்டர். கொள்கை பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்பதைவிட, அந்த நேரத்தில் என்ன செய்தீர்கள், எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்பது அவர் வழி. உங்கள் குழுவிலும் அப்படியே கேளுங்கள். அபிப்பிராயம் கேட்டால் சொற்பொழிவு வரும். என்ன செய்தாய் என்று கேட்டால் நடந்தது வரும்.

உங்களுக்கு மதிப்பெண் போடும் அதிகாரி இந்த வட்டத்தில் வேண்டாம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஆட்கள் அவர் முன்னால் எடை போட்டுத்தான் பேசுவார்கள்.

எட்டாவது படி: ஒரு மாற்றம் மட்டும்

இவ்வளவும் செய்தபின் பட்டியல் போடாதீர்கள். அடுத்த மூன்று மாதத்துக்கு ஒரே ஒரு மாற்றம். "வரைபடத்தைக் கூடத்தின் நடுவில் வைப்பேன்." "திறந்தவெளிக்கு ஒப்புதல் கொடுக்கும் முன் நேரில் போய் நின்று பார்ப்பேன்." அவ்வளவு சின்னதாக இருந்தால்தான் செய்தோமா இல்லையா என்று தெரியும்.

குறிப்பேட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை

பல நாடுகளில் அரசு ஊழியர் பணி தொடர்பாக எழுதுவது பொது ஆவணமாகக் கருதப்படலாம். தகவல் கேட்டு யாராவது விண்ணப்பித்தால் வெளியே போகலாம், வழக்கில் சாட்சியாகவும் வரலாம். தொடங்கும் முன் உங்கள் அலுவலக விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குறிப்பில் குடியிருப்பவர், கட்டுநர், சக ஊழியர் யாருடைய பெயரையும் எழுத வேண்டாம். "மூலை வீட்டுப் பெரியவர்" என்றால் உங்களுக்குப் புரியும், அது போதும். அலுவலகக் கணினியில் வேண்டாம். அதே நேரம், பொதுமக்கள் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட எதையாவது கண்டுபிடித்தால் அதைச் சொந்த நோட்டில் பூட்டி வைக்கவும் கூடாது. முறைப்படி கோப்பில் எழுதி மேலே அனுப்பியே ஆக வேண்டும்.

மாற்றலாகிப் போகும்போது

நீங்கள் எழுதி வைத்த எதிர்பார்ப்புகளில் பாதிக்கு மேல், பார்க்க வேண்டிய தேதி வரும்முன்பே நீங்கள் அந்த மேசையில் இருக்க மாட்டீர்கள். அதனால் பொறுப்பை ஒப்படைக்கும்போது கோப்புப் பட்டியலோடு ஒரு பக்கக் குறிப்பும் கொடுங்கள். ஒவ்வொரு முக்கிய முடிவுக்கும் நான்கு வரி: என்ன முடிவு, அப்போது என்ன எதிர்பார்க்கப்பட்டது, எதில் சந்தேகம் இருந்தது, எந்த மாதம் எந்த இடத்தில் போய் எதைப் பார்க்க வேண்டும். உங்கள் தொலைபேசி எண்ணையும் எழுதி, பார்த்துவிட்டு என்ன ஆனதென்று ஒரு வார்த்தை சொல்லும்படி புதிதாக வருபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் போய்ச் சேரும் இடத்தில் அப்படி ஒரு குறிப்பு இல்லையென்றால், உங்களுக்கு முன் இருந்தவரைக் கூப்பிட்டு இதே நான்கையும் முதல் வாரத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.